சுவெட்டன்ஹாம்: ஒரு சிற்றூர் குடும்பப் பெயரான வரலாறு



1972ஆம் ஆண்டில் நம் நாட்டின் பெரிய துறைமுகம் ஒன்று பெயர் மாறியது. அதுவரை போர்ட் சுவெட்டன்ஹாம் என்று வழங்கிய துறைமுகம் போர்ட் கிள்ளான் ஆயிற்று. 1901ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் திறந்து வைக்கப்பட்ட அந்தத் துறைமுகம், ஏறக்குறைய 71 ஆண்டுகள் பழைய பெயரைத் தாங்கி நின்றது.

பெயர் மாறினாலும் பழைய தாள்களில் அது மாறவில்லை. தாத்தா வைத்துவிட்டுப் போன டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். கப்பல் சீட்டோ, கடப்பிதழோ, பழுத்துப்போன பிறப்புப் பத்திரமோ இருந்தால், அதில் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற எழுத்துகள் இருக்கக்கூடும். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் புறப்பட்ட ரஜூலா போன்ற கப்பல்கள் பினாங்கைத் தொட்டு, அடுத்து அங்கேதான் நின்றன. கொரண்டைன் முகாமும் அங்கே இருந்தது. தோட்டத்துக்கு வந்து சேர்ந்த குடும்பங்களில் எத்தனையோ குடும்பங்கள் இந்த மண்ணை முதன்முதலாக மிதித்த இடம் அது. ஆகவே அந்தப் பெயரின் பிறப்பு வளர்ப்பை நாம் தெரிந்துகொள்வதில் நியாயம் உண்டு.

இது மலாய்ச் சொல் அன்று. கடலோடு தொடர்புள்ள சொல்லும் அன்று. சர் பிராங்க் சுவெட்டன்ஹாம் என்ற ஆங்கில அதிகாரியின் குடும்பப் பெயர். துறைமுகம் திறந்த அதே 1901ஆம் ஆண்டில் அவர் நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநரானார். இவ்வளவும் பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கும். அந்தக் குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது என்பதுதான் இன்றைய பேச்சு.

ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகள் இந்தப் பெயரைப் பிரித்துப் பார்த்தால் சிரிப்பு வரும். முன்பாதி வியர்வையைப் போல் ஒலிக்கிறது. பின்பாதி உப்புக்கண்டம் போட்ட பன்றித் தொடையைப் போல் ஒலிக்கிறது. இரண்டும் பொருத்தமில்லை. 'ஹாம்' என்பது பழைய ஆங்கிலத்தில் குடியிருப்பைக் குறிக்கும் சொல். பர்மிங்ஹாம், நாட்டிங்ஹாம் எல்லாம் அந்த வாலைக் கொண்ட ஊர்கள். நம்மூரில் 'பட்டி', 'பாளையம்', 'ஊர்' என்று முடிவதைப் போல. முன்பாதி, ஸ்வேட்டா என்று பெயர் கொண்ட ஒரு மனிதனுடையது. அந்தப் பெயர் 'இனிய' என்ற பொருளுடைய சொல்லோடு உறவுடையது. ஆக, ஸ்வேட்டாவின் குடியிருப்பு என்பதே சுவெட்டன்ஹாம். தமிழில் பெயர் வைத்திருந்தால் இனியன்பட்டி என்று வைத்திருப்போம்.

அந்த இனியன்பட்டி இன்றும் இருக்கிறது. இங்கிலாந்தின் வடமேற்கில் செஷயர் என்றொரு மாவட்டம். பால் மாடுகளுக்கும் பாலாடைக்கட்டிக்கும் பேர்போன பூமி. அங்கே காங்கிள்டன் என்ற பட்டணத்திலிருந்து சில மைல் தொலைவில், டேன் என்ற ஆற்றின் அருகே அந்தச் சிற்றூர் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் எழுதப்பட்ட ஆவணத்தில் ஊரின் பெயர் வருகிறது. ஒரு மாதா கோயில், ஒரு மதுக்கடை, சில பண்ணைகள், சில நூறு மக்கள், அவ்வளவே ஊர். நம் தோட்டத்து லயங்கள் பலவற்றில் அதைவிட மிகுதியான மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள்.

வானொலி கேட்கும் நீங்கள் அறிந்து மகிழ இன்னொரு செய்தியும் உண்டு. அந்த ஊருக்குச் சில மைல் தள்ளித்தான் ஜோட்ரெல் பாங்க் வானொலித் தொலைநோக்கி நிற்கிறது. 76 மீட்டர் அகலமுள்ள அந்தப் பெரிய கிண்ணம் 1957இல் இயங்கத் தொடங்கி, வானத்திலிருந்து வரும் வானொலி அலைகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அதை அமைத்த அறிஞர் சர் பெர்னார்ட் லவல் குடியிருந்தது சுவெட்டன்ஹாம் ஊரில்தான். அங்கே ஒரு பெரிய மரத்தோட்டத்தையும் வளர்த்தார். 2012இல் காலமானார்.

ஊர்ப் பெயர் எப்படி மனிதனின் பெயராகிறது? ஆங்கிலேயருக்கும் ஒரு காலத்தில் குடும்பப் பெயர் கிடையாது. ஜான் என்றால் ஜான், அவ்வளவுதான். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தபின் நிலை மாறத் தொடங்கியது. நிலம் உடையவர்கள் தங்கள் நிலத்தின் பெயரைத் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொண்டார்கள். மகன் நிலத்தைப் பெறும்போது பெயரையும் பெற்றான். ஏழை எளியவர்களுக்குக் குடும்பப் பெயர் நிலைக்க இன்னும் இருநூறு முந்நூறு ஆண்டுகள் ஆயின. அதற்கு ஒரு முக்கியமான காரணம், மக்களுக்கு இட்ட பெயர்கள் மிகக் குறைவாக இருந்தன என்பது. ஜான், வில்லியம், தாமஸ், ராபர்ட், ரிச்சர்ட் என்ற ஐந்தாறு பெயர்களே எங்கும் நிறைந்திருந்தன. ஒரு தோட்டத்தில் ஐந்து மாரிமுத்து இருந்தால் நாம் என்ன செய்வோம்? சேலத்து மாரிமுத்து, வண்டிக்கார மாரிமுத்து, கறுப்பன் மகன் மாரிமுத்து, நெட்டை மாரிமுத்து என்போம். ஆங்கிலேயரும் அதையேதான் செய்தார்கள். ஊர், தொழில், தகப்பன் பெயர், பட்டப்பெயர் என்ற நான்கு வாசல்கள் வழியாகவே அவர்களுடைய குடும்பப் பெயர்களில் பெரும்பாலானவை வந்தன.

நமக்குத் தெரிந்த இடங்களிலேயே சான்று காட்டலாம். போர்ட் டிக்சனில் உள்ள டிக்சன் என்பது 'டிக்கின் மகன்' என்று பொருள்படும். டிக் என்பது ரிச்சர்டின் சுருக்கம். நம் அடையாள அட்டையில் 'அனாக் லெலாகி' என்று இருக்கிறதே, அதே வழக்கம்தான்; அவர்களிடம் அது ஓரிடத்தில் உறைந்து நின்றுவிட்டது. பத்தாம் தலைமுறையில் தகப்பன் பெயர் ஹென்றியாக இருந்தாலும் பிள்ளை டிக்சன்தான். பட்டர்வொர்த் என்பது வேலியிட்ட வெண்ணெய்ப் பண்ணை என்ற பொருளுடைய லங்காஷயர் ஊரின் பெயர். அதுவும் ஊரிலிருந்து குடும்பத்துக்குப் போய், ஆளுநர் ஒருவர் வழியாகக் கடல் கடந்து மறுபடியும் ஊரின் பெயரான ஒன்று.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. சற்று நின்று கவனிக்க வேண்டும். சுவெட்டன்ஹாம் ஊருக்குள்ளேயே வாழ்ந்தவனை யாராவது 'சுவெட்டன்ஹாம்காரன்' என்று கூப்பிடுவார்களா? மாட்டார்கள். அங்கே எல்லாரும் சுவெட்டன்ஹாம்காரர்களே. நாமக்கல்லில் ஒருவரை நாமக்கல்லார் என்று அழைக்க அவசியமில்லை. கோலசிலாங்கூரில் தான் அந்தப் பெயருக்கு வேலை. ஊரை விட்டு வெளியேறி, அடுத்த பட்டணத்துக்குப் பிழைக்கப் போனவனுக்கே ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது. இதற்கு விலக்கு, அந்த ஊருக்குச் சொந்தக்காரரான நிலக்கிழார் குடும்பம். அவர்கள் ஊரிலேயே இருந்துகொண்டு அதன் பெயரைச் சூடினார்கள்.

ஆக, சுவெட்டன்ஹாம் என்ற பெயர் இரண்டு வழியில் பரவக்கூடியது. ஒன்று மாளிகை வழி. மற்றொன்று மூட்டை முடிச்சோடு வெளியேறிய கூலிக்காரன் வழி. பெயரைக் கேட்ட மாத்திரத்தில் இன்னார் மாளிகையின் வாரிசு என்று முடிவுகட்ட இயலாது. அந்நாளில் இங்கே தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார்களின் பெயர்களைக் கேட்டு நம்மவர்கள் மிரண்டதுண்டு. அவற்றுள் பல, கொல்லன், தச்சன், மாவரைப்பவன், சிற்றூர்க்காரன் என்ற பொருளுடைய பெயர்களே. ஸ்மித் என்றால் கொல்லன். மில்லர் என்றால் மாவரைப்பவன். கார்ட்டர் என்றால் வண்டிக்காரன்.

வாயில் வழங்கிய பெயரை நிலைநிறுத்தியது எழுதுகோல்தான். 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளில் இங்கிலாந்தில் தலைவரி வாங்கினார்கள். வரி கட்டுகிறவனை அடையாளம் காண ஒற்றைப் பெயர் போதவில்லை. 1538இல் ஒவ்வொரு மாதா கோயிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று அரசாணை பிறந்தது. 1837 முதல் பிறப்பு, திருமணம், இறப்புகளை அரசாங்கமே பதிவு செய்தது. எழுதப் படிக்கத் தெரியாத உழவன் தன் பெயரைச் சொல்வான். பாதிரியார் தம் காதில் விழுந்தபடி எழுதுவார். சரியா தப்பா என்று பார்க்க உழவனுக்குத் தெரியாது.

சுவெட்டன்ஹாமுக்கு இதனால் நேர்ந்ததைப் பாருங்கள். ஆங்கிலேயர் 'ஹாம்' என்று அழுத்திச் சொல்வதில்லை. பர்மிங்ஹாம் அவர்கள் வாயில் பர்மிங்கம் ஆகும். அதுபோல் சுவெட்டன்ஹாம், சுவெட்டனம் என்றே ஒலிக்கும். காதில் விழுந்ததை எழுதியபோது அது சுவெட்னம் ஆயிற்று. வேறோர் இடத்தில் ஸ்வீட்னம். இன்னோர் இடத்தில் ஸ்வீட்டன்ஹாம். பெயராய்வு செய்வோர் இவற்றையெல்லாம் அந்தச் செஷயர் ஊரின் பிள்ளைகள் என்றே கணக்கிடுகின்றனர். நாளடைவில் எழுத்து வேறானதால் குடும்பமும் வேறு என்று ஆகிவிட்டது.

நமக்கு இது புதிதன்று. தோட்டத்துக் கிராணி செக்ரோலில் எழுதிய பெயரும், பதிவகத்து எழுத்தர் பிறப்புப் பத்திரத்தில் எழுதிய பெயரும் ஒத்துப்போகாத வீடுகள் எத்தனை! அண்ணன் முனியாண்டியின் பெயர் ஆங்கிலத்தில் 'ஐ' எழுத்தில் முடிகிறது. தம்பியின் பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயராக அதே முனியாண்டி 'ஒய்' எழுத்தில் முடிகிறது. சுவெட்டன்ஹாமும் சுவெட்னமும் பிரிந்தது பாதிரியார் வீட்டு விளக்கொளியில். அதனால் எவருக்கும் வயிறு காயவில்லை. இங்கே அப்படியில்லை. 1969க்குப் பின் குடிமக்கள் அல்லாதார் வேலை அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும் என்ற நிலை வந்தபோது, தக்க தாள்கள் இல்லாத தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர் இந்தியாவுக்குத் திரும்ப நேர்ந்தது. பிறந்த இடம் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று எழுதிய ஒரு தாளின் அருமையை அந்தத் தலைமுறையைக் கேட்டால் சொல்லும்.

சுவெட்னம் என்ற வடிவத்தைத் தாங்கியவர்களில் பெயர் எடுத்தவர் ஒருவர் உண்டு; கெட்ட பெயர்தான் எடுத்தார். ஜோசப் சுவெட்னம் என்ற வாட்போர் ஆசிரியர் 1615இல் பெண்ணினத்தைத் திட்டித் தீர்த்து ஒரு சிறு நூல் வெளியிட்டார். அது நன்றாக விற்பனையாயிற்று என்பது வருந்தத்தக்க செய்தி. 1617இல் ரேச்சல் ஸ்பெக்ட் என்ற இளம்பெண் தம் பெயரைப் போட்டே அவருக்கு மறுப்பு நூல் எழுதினார். பின்னர் அந்த மனிதரையே கேலிக்குரிய பாத்திரமாக்கி மேடையில் நாடகமும் போட்டார்கள்.

இந்தப் பெயர் ஏன் அரிதாக இருக்கிறது என்ற கேள்விக்கு வருவோம். கொல்லன் ஊருக்கு ஒருவன் இருந்தான். ஆகவே ஸ்மித் என்ற பெயர் ஆயிரம் ஊர்களில் தனித்தனியே முளைத்தது. இன்று பிரிட்டனில் ஸ்மித் என்போர் ஐந்து இலட்சத்துக்கும் மேல். சுவெட்டன்ஹாம் என்ற ஊரோ ஒன்றே ஒன்று, அதுவும் சிறியது. அங்கிருந்து வெளியேறியவர்கள் கைவிரல் மடக்கி எண்ணக்கூடியவர்களாகவே இருந்திருக்க வேண்டும். அதற்குமேல், 1348இலும் 1349இலும் இங்கிலாந்தைப் பெருங்கொள்ளை நோய் வாரிக்கொண்டு போனது. மக்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் மடிந்தனர். அப்போதுதான் முளைவிட்டிருந்த குடும்பப் பெயர்கள் பல, தாங்குவார் இன்றி அழிந்தன. தப்பியவற்றுக்கும் ஒரு கண்டம் உண்டு. ஆங்கிலேயரின் பெயர் பெரும்பாலும் தகப்பன் வழியாகவே இறங்கும். பெண்பிள்ளைகள் மட்டுமே பிறந்த வீட்டில் அந்தப் பெயர் அத்துடன் முடிந்தது. ஸ்மித் குடும்பங்கள் நூறு முடிந்தாலும் பெயருக்குச் சேதமில்லை. பத்தே வீடுகள் உள்ள பெயரில் மூன்று வீடு முடிந்தால் இழப்பு பெரிது.

அண்மைக் காலத்து அறிவியலும் இதற்குச் சாட்சி சொல்கிறது. தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்லும் மரபணுக் கூறு ஒன்று உண்டு. குடும்பப் பெயரும் அதே பாதையில் செல்வதால், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அப்படி நாற்பது குடும்பப் பெயர்களை ஆராய்ந்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். ஸ்மித் போன்ற பெயருடையவர்கள் ஒருவருக்கொருவர் உறவில்லாதவர்களாகவே காணப்பட்டனர். அரிய பெயருடையவர்களிடையே, பல நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரே மூதாதையின் அடையாளம் பெருமளவில் தென்பட்டது. ஆட்டன்பரோ என்ற பெயர் அவற்றுள் ஒன்று. 'காந்தி' திரைப்படத்தை எடுத்த ரிச்சர்ட் ஆட்டன்பரோவை நீங்கள் அறிவீர்கள். அவர் குடும்பப் பெயரும் நாட்டிங்ஹாம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் பெயரே. அரிய பெயர் கொண்ட இருவர் சந்தித்தால், பங்காளிகளாக இருக்க வாய்ப்புண்டு என்று நினைப்பதில் தவறில்லை.

1881ஆம் ஆண்டு எடுத்த குடிக்கணக்கை முழுமையாகப் பெயர்த்தெழுதி, எந்தப் பெயர் எந்த மாவட்டத்தில் மிகுதி என்று வரைபடம் போட்டிருக்கிறார்கள். சுவெட்டன்ஹாம் போன்ற பெயர்களுக்கு இந்த வரைபடம் ஒரு விளக்குப் போன்றது. ஊர் பிறந்து பல நூற்றாண்டுகள் ஆன பின்னும், பெயர் செஷயரையும் அதை ஒட்டிய மாவட்டங்களையும் விட்டு வெகுதூரம் போகவில்லை. அப்படி நகர்ந்ததும் வயிற்றுப் பிழைப்புக்காகவே. ஒரு பக்கம் மான்செஸ்டர்ப் பஞ்சாலைகள் இழுத்தன. மறுபக்கம் ஸ்டோக் நகரத்துப் பீங்கான் சூளைகள் இழுத்தன. ஸ்வீட்னம் என்ற வடிவம் மட்டும் கடல் தாண்டி, அயர்லாந்தின் தென்கோடியில் கார்க் மாவட்டத்தில் வேரூன்றியது. பிற்காலத்தில் ஆஸ்திரேலியா, கனடா, அமெரிக்கா என்று சிலர் கப்பலேறினர். இன்றும் இது அரிய பெயரே.

பிராங்க் சுவெட்டன்ஹாம் பிறந்தது அந்த ஊரில் அன்று. செஷயருக்கு அடுத்த டெர்பிஷயரில், பெல்ப்பர் என்ற பஞ்சாலைப் பட்டணத்தில், 1850இல் பிறந்தார். தகப்பனார் வழக்கறிஞர். இருபது வயதில் பணியில் சேர்ந்து, சிங்கப்பூர் வந்து, மலாய் மொழியைக் கற்றுத் தேர்ந்தார். 1874ஆம் ஆண்டுப் பங்கோர் உடன்படிக்கைக் காலத்திலிருந்தே மலாய் மாநிலங்களின் விவகாரங்களில் அவர் கை இருந்தது. 1882இல் சிலாங்கூர் ரெசிடெண்ட், பின்னர்ப் பேராக் ரெசிடெண்ட், 1896இல் கூட்டு மலாய் மாநிலங்களின் முதல் ரெசிடெண்ட் ஜெனரல் என்று உயர்ந்தார். கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றையும் இணைத்த இரயில் பாதை 1886இல் திறந்தது அவர் சிலாங்கூரில் இருந்த காலத்தில்தான். அந்நாளைய இரயில் பாதை, சாலை வேலைகளில் தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினர். 1904இல் ஓய்வு பெற்றுத் தாயகம் சென்றவர், இரப்பர்க் கம்பெனிகளின் இயக்குநர் குழுக்களில் அமர்ந்தார். ஆளுநர் நாற்காலியை விட்ட பிறகும் தோட்டத்தோடு அவருக்கிருந்த தொடர்பு விடவில்லை என்பது பலருக்குத் தெரியாது. 1946இல், தம் 96ஆம் வயதில் மறைந்தார்.

அவருடைய அண்ணன் அலெக்சாந்தர் சுவெட்டன்ஹாமும் காலனி அதிகாரியே. சிங்கப்பூரில் பணியாற்றி, பிரிட்டிஷ் கயானாவுக்கும் ஜமைக்காவுக்கும் ஆளுநராகப் போனார். கயானாவின் கரும்புத் தோட்டங்களிலும் இந்தியத் தொழிலாளர் இருந்தனர். 1907 ஜனவரியில் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரம் நிலநடுக்கத்தில் இடிந்தது. உதவிக்கென்று கரையிறங்கிய அமெரிக்கக் கடற்படையினரைத் திரும்பிப் போகச் சொல்லி, குத்தலாக ஒரு கடிதமும் எழுதினார் அலெக்சாந்தர். அந்தக் கடிதத்தால் பதவியை விட்டு விலக நேர்ந்தது.

துறைமுகத்துக்கு அந்தப் பெயர் வாய்த்த வேளை நல்ல வேளையாக அமையவில்லை. சுற்றிலும் சதுப்புக் காடு. திறந்த சில வாரங்களிலேயே மலேரியாக் காய்ச்சல் வேலைக்காரர்களை வீழ்த்தியது. துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. கொசுவால்தான் மலேரியா பரவுகிறது என்பதை ரொனால்ட் ரோஸ் இந்தியாவில் கண்டறிந்து அப்போது நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. கிள்ளானுக்குப் புதிதாக வந்திருந்த டாக்டர் மால்கம் வாட்சன், காட்டை வெட்டி, வாய்க்கால் தோண்டி, தேங்கிய நீரை வடித்தார். காய்ச்சல் தணிந்தது. துறைமுகம் பிழைத்தது, அதனோடு பெயரும் பிழைத்தது.

துறைமுகத்தை விட்டுப் பெயர் போய்விட்டாலும், நாட்டை விட்டு முற்றாகப் போகவில்லை. சிங்கப்பூரில் சுவெட்டன்ஹாம் சாலை இருக்கிறது. பினாங்கு ஜார்ஜ்டவுனில், உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கும் துறைக்குச் சுவெட்டன்ஹாம் என்றே பெயர். அங்கே இறங்கும் பயணிகளில் செஷயர்க்காரர் எவரேனும் இருந்தால், பெயர்ப் பலகையைப் பார்த்து 'சுவெட்டனம்' என்றுதான் வாசிப்பார்.